மருந்து – 3

கம்மனஹள்ளி, மூன்றாம் மாடி, சனிக்கிழமை.
கீழே கபாப் கடையின் புகை
மழையை மீறி ஏறிக்கொண்டிருந்தது.
தில்லை கேட்டான்:
"எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்."

ஏழு நாடுகள் வரைந்திருக்கிறேன் நான்.
ஆறுகளுக்குப் பெயர் வைத்தது
சில்க் போர்டு நெரிசலில், அலுவலகப் பேருந்தில்.
நெருப்பு கக்கும் மலை உண்டு, பேசும் கதவு உண்டு,
இறந்தவர்கள் வரி கட்டும் ஊர்கூட உண்டு.
கந்தகம் மட்டும் எங்கும் வைக்கவில்லை.
வேண்டுமென்றேதான்.

"மலை நெருப்பு கக்குது, கந்தகம் இல்லாமலா?" என்றான்.
"குகை பூரா வௌவால். எச்சத்துல வெடியுப்பு.
கரிக்கு என்ன பஞ்சம்?"
என் வரைபடத்தை வைத்தே என்னை மடக்கினான்.

ஜெபசீலி நிமிரவில்லை.
மூன்று வருடமாக அவள் மந்திரக்காரி.
ஒரே ஒரு தீப்பந்துக்காகப்
பதினோரு சனிக்கிழமை காத்திருந்தவள்.
"இவன் நாப்பது பொன்னு குடுத்து வாங்கிருவானா?"
என்று பென்சிலிடம் கேட்டாள்.

சரி, விதி எழுதினேன்.
ஒரு முறை சுட்டால், திரும்ப நிரப்ப இரண்டு சுற்று.
நனைந்தால் வெடிக்காது.
இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால்
குழல் உன் கையிலேயே வெடிக்கும்.
"தாயம் விழுந்தா ஆட்டம் தொடங்கணும்டா,
கை போகக்கூடாது" என்றான் ஜாவித்.
எழுதியதை நான் அழிக்கவில்லை.
இன்னொரு விதியும் இருந்தது, வாய்விட்டுச் சொல்லாதது:
ஒருவனுக்குக் கிடைத்தது
ஊருக்கும் கிடைக்கும்.

நான்கு வாரம் நன்றாகத்தான் போனது.
பாலத்தடிப் பூதம் ஒரே குண்டில் சாய்ந்தது.
ஜாவித் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.
பேசும் கதவு பேசுவதற்குள் பொத்தல்.
அதன் விடுகதைக்காக நான் விழித்த இரவு
அப்படியே புகை.

ஐந்தாம் வாரம் உப்புக்கோட்டை.
தெருவில் யார் வீட்டுக் கல்யாணமோ, சரவெடி.
நாய் மேசைக்கடியில் புகுந்துகொண்டது.
ஜெபசீலி மதிலை நோக்கிக் கையுயர்த்தி
மந்திரத்தின் முதல் வரியைத் தொடங்கினாள்.
எப்போதும் வாய்விட்டுத்தான் சொல்வாள்,
தானே கட்டிய நாலு வரி.
மதில்மேல் ஒரு காவலன். நான் உருட்டினேன்.
இருபது.
இரண்டாம் வரி வரவில்லை.

"மருந்து இருக்கு! என்கிட்ட மூணு இருக்கு!"
தில்லை தன் தாளைத் தூக்கிக் காட்டினான்.
குண்டு குண்டான கையெழுத்தில்
மருந்து – 3.
"எந்த மருந்து?" என்றேன்.

தாளைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி திருப்பினான்.
காயத்துக்கானதை விற்றுத்தான்
குழலுக்கானதை வாங்கியிருந்தான், போன சந்தையில்.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற மொழியில்
கணக்கு எழுதினால் இப்படித்தான்.

யாரும் பேசவில்லை.
கீழ்வீட்டு ஓனர் வழக்கம்போல் கதவைத் தட்டி
"சொல்ப மெல்லகே" என்றார்,
நாங்கள் வாய்மூடி இருந்த ஒரே நேரத்தில்.

ஜெபசீலி சண்டைக்கு வரவில்லை.
ரப்பரை எடுத்தாள். வைத்துவிட்டாள்.
"சுட்டவன் பேரு என்ன?"

என் நோட்டில் 'காவலர் – 6 பேர்' என்று மட்டும் இருந்தது.
"வேம்பன்" என்றேன்.
"வயசு?"
"பத்தொன்பது."
"என்னைச் சுட்டுட்டு என்ன பண்றான்?"
அதை நான் யோசித்ததே இல்லை.
"குனிஞ்சு மறுபடி நிரப்புறான்.
ரெண்டு சுத்து ஆகும்."

புதுத் தாளில் அந்தப் பெயரை எழுதினாள்.
"அடுத்த வாரம் நான் இவன்."
ஜாவித் ஆட்டோவுக்காக போனைத் தடவிக்கொண்டிருந்தபோது
மறுபடி கேட்டாள்:
"காதுக்குப் பக்கத்துலதானே வெடிக்கும்?
இவனுக்கு எந்தக் காது கேட்காது?"

வலது, என்றேன்.
தில்லை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்
அவளுடைய வலப்பக்கமிருந்து.